வீட்டுக்குப் பக்கத்துப் பாலையில் சிற்றுயிர்களைப் பார்ப்பதும் படம் எடுப்பதும்: முழுமையான வழிகாட்டி

பாலை ஓரத்தில் குடியிருப்பவர்கள் முதல் தடவை கேமராவோடு கிளம்பும்போது நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் போவார்கள். வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடப்பார்கள். "மணலைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை" என்று திரும்பிவிடுவார்கள். நானும் அப்படிப் பலமுறை திரும்பியவன்தான். பிறகு புதியவர்கள் சிலரை உடன் கூட்டிப்போய்ப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. முதலில் செய்யவேண்டியதை எல்லாரும் கடைசியில் செய்கிறார்கள். கடைசியில் எடுக்கவேண்டிய கேமராவை முதலில் எடுக்கிறார்கள்.

இங்கே கேமரா ஏழாவது படியில்தான் வெளியே வரும். பேசப்போவது ஓணான், பல்லி, அரணை, தேள், வண்டு, பாலை எலி, முள்ளெலி போன்ற சிறிய உயிர்களைப் பற்றி மட்டும். மானும் நரியும் வேறு கணக்கு.

1. ஒரே ஒரு துண்டு நிலத்தைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டிலிருந்து பத்து, பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேரும் தூரத்தில், இருநூறு அடி நடந்தால் முடிந்துவிடும் அளவுக்கு ஒரு துண்டு நிலம் போதும். தூரம் கூடினால் அடிக்கடி போகமாட்டீர்கள். அடிக்கடி போகாவிட்டால் அந்த இடத்தில் நேற்று இல்லாதது இன்று எது என்று கண்ணுக்குத் தெரியாது. சிற்றுயிர்களைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை அதுதான்.

உயரமான, வழவழப்பான மணல்மேடு அழகாக இருக்கும். ஆனால் தேடவேண்டிய இடம் அது அல்ல. புதர்கள் உள்ள இடமாகப் பாருங்கள். புதரின் அடியில் காற்று மணலைச் சேர்த்து ஒரு சிறு மேடு கட்டியிருக்கும். வேர் மணலைப் பிடித்துவைப்பதால் அங்கே வளை தோண்டினால் சரியாது. உதிர்ந்த இலையும் விதையும் அங்கே ஒதுங்கும், நிழலும் உண்டு. விதையைத் தேடி எலியும், இலைச்சருகைத் தேடி வண்டும், வண்டைத் தேடி ஓணானும் வந்துசேரும். மணலும் சரளையும் கெட்டித் தரையும் சந்திக்கும் விளிம்பாக இருந்தால் இன்னும் நல்லது. மூன்று வகைத் தரைக்கும் உரிய உயிர்கள் ஒரே இடத்தில் கிடைக்கும்.

சில பாலைகளில் தரை கறுத்து, பொருபொருவென்று, பாசி காய்ந்ததுபோல ஒரு மேலோடு கட்டியிருக்கும். அது நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மண்ணைப் பிடித்துவைத்திருக்கும் உயிருள்ள ஓடு. ஒரு மிதியில் உடையும். மறுபடி உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஏற்கெனவே உள்ள தடத்தை விட்டு இறங்காதீர்கள்.

வேலி, ராணுவ எல்லை, பாதுகாக்கப்பட்ட பகுதி இவற்றைப் பகலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். இரவில் டார்ச்சோடு தரையைக் குனிந்து தேடிக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் காவலருக்கு எப்படித் தோன்றும் என்று யோசித்துப் பாருங்கள்.

2. கிளம்பும் முன்

தண்ணீர். வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் என்று கணக்கு வையுங்கள். வீடு பக்கத்தில்தானே என்று அரை லிட்டரோடு போகிறவர்கள்தான் ஓணானைப் பார்த்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கணுக்காலை மூடும் காலணி, தடித்த முழுக்கால்சட்டை, தொப்பி, மங்கிய நிறச் சட்டை. ஒரு கைத்தடி. மண்டியிடவும் படுக்கவும் ஒரு பழைய பாய் அல்லது தடித்த துணி. நெற்றியில் மாட்டும் டார்ச் ஒன்று, கையில் பிடிக்கும் டார்ச் ஒன்று. இரவில் ஒன்று அணைந்தால் மற்றொன்று வேண்டும். சின்ன நோட்டும் பென்சிலும். பேனா மணலில் அடைத்துக்கொள்ளும்.

கிளம்பும் இடத்தைக் கைபேசி வரைபடத்தில் குறித்துவையுங்கள். உங்கள் கால்தடத்தைப் பார்த்தே திரும்பிவிடலாம் என்று நம்பவேண்டாம். கொஞ்சம் காற்று அடித்தாலே அது போய்விடும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

பாம்பு விஷயத்தைத் தள்ளிப்போடாமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுருட்டை விரியன் போன்ற சிறிய விரியன்கள் பல பாலைகளில் உண்டு. சில இனங்கள் கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரியும்படி மணலுக்குள் புதைந்து கிடக்கும். அதனால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை வைக்காதீர்கள். புதருக்குள் காலை விடாதீர்கள். உட்காரும் முன், படுக்கும் முன் அந்த இடத்தைத் தடியால் தட்டிக் கிளறிப் பாருங்கள். விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரி எது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள். கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிதான். தேள் கொட்டினாலும், குறிப்பாகக் குழந்தைகளைக் கொட்டினால், வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்கக் கூடாது.

3. முதல் மூன்று தடவை கேமரா இல்லாமல் போய்த் தடம் பாருங்கள்

சூரியன் எழுவதற்கு முன்பே போய்விடுங்கள். இரவில் நடமாடியது எல்லாம் மணலில் எழுதியிருக்கும். காற்று கிளம்பியதும் அழிந்துவிடும். வெளிச்சம் தாழ்வாக, சாய்வாக வரும் முதல் ஒரு மணி நேரத்தில்தான் தடத்தின் பள்ளத்தில் நிழல் விழும். நடுப்பகலில் அதே தடத்தின் மேல் நின்றாலும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வது புதியவர்களின் பழக்கம். படம் எடுக்கும்போது அப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தடம் பார்க்க நேர்மாறு: தடம் உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் இருக்கவேண்டும். தடத்தின் மேல் நடக்காமல் பக்கவாட்டில் நடங்கள். சந்தேகம் வந்தால் திரும்பி வந்து பார்க்க அது மிச்சமிருக்கும்.

தையல் போட்டதுபோல இரண்டு வரிசையில் நெருக்கமான புள்ளிகள் ஓடினால் அது வண்டு. இடமும் வலமும் மாறிமாறிக் கால்கள், நடுவில் ஒரு கோடு என்றால் ஓணான் அல்லது பல்லி. நடுக்கோடு வாலால் வந்தது. அந்தக் கோடு திடீரென்று நின்று கால்தடங்களின் இடைவெளி கூடினால், அங்கிருந்து ஓடத் தொடங்கியிருக்கிறது என்று பொருள், வாலைத் தூக்கிவிட்டது. தேளுக்குப் புள்ளிக் கூட்டங்கள் இருபுறமும் இருக்கும். வாலை உயர்த்தி நடப்பதால் நடுக்கோடு பெரும்பாலும் இராது. பின்னங்கால்களால் மட்டும் தாவும் ஜெர்போவா என்ற பாலை எலி இரட்டை இரட்டையாகத் தடம் பதித்து, நடுவில் பெரிய இடைவெளி விட்டுப் போகும். பக்கவாட்டில் நகரும் விரியனின் தடம் தொடர்ந்த கோடாக இருக்காது. ஒன்றுக்கொன்று இணையாக, நுனி கொக்கிபோல வளைந்த தனித்தனிக் கோடுகளாக இருக்கும். இதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்லவேண்டியதில்லை.

குழந்தை விரலால் கிறுக்கியதுபோல வளைந்து வளைந்து தன்னையே வெட்டிக்கொண்டு போகும் மெல்லிய பள்ளத்தைப் பார்த்தால் புழு என்று எழுதிவிடாதீர்கள். குழி தோண்ட இடம் தேடி அலையும் குழியானையின் வேலை அது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் புனல்போன்ற குழியும் கிடைக்கும். எறும்பு ஒன்று அதில் சறுக்குவதைக் காத்திருந்து பார்ப்பதற்கே ஒரு காலைப்பொழுதைக் கொடுக்கலாம்.

அடுத்தது தடத்தின் வயது. ஓரம் கூர்மையாக இருந்தால் புதியது. அதன் மேல் வேறு பூச்சியின் தடம் குறுக்கே போயிருந்தால் இது அதற்கு முந்தியது. பனி இறங்கும் பாலையில் விடியற்காலை மணலின் மேல் சிறு சிறு அம்மைத்தழும்புபோலப் புள்ளி விழுந்திருக்கும். அந்தத் தழும்பு தடத்துக்குள்ளும் இருந்தால் பனிக்கு முன் போனது. தடத்துக்குள் இல்லையென்றால் சற்றுமுன்தான் போயிருக்கிறது.

ஒரு சுருக்குவழி உண்டு. மாலையில் நாலைந்து வளைகளுக்கு அருகே ஒரு முழ அகலத்துக்கு மணலைக் கைத்துடைப்பத்தால் சமமாக்கிவிட்டு வந்துவிடுங்கள். வளையின் வாயைத் தொடாமல் ஒரு அடி தள்ளியே செய்யவேண்டும்; வாயில் மணல் சரிந்தால் உள்ளே இருப்பது வேறு வழி தேடும். மறுநாள் விடியலில் எந்த வளையில் ஆள் இருக்கிறது, எது காலி என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். இரவில் தானாகப் படம் எடுக்கும் கேமராவை வாங்கி வைத்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். உடல் வெப்பத்தை வைத்து உணரும் கருவி அது. தரையே சூடாக இருக்கும் கோடையில் ஒரு சிற்றெலியை எளிதில் தவறவிடும். துடைப்பம் தவறவிடாது.

4. வளையின் வடிவத்தைப் படியுங்கள்

வளையின் வாய் பெரும்பாலும் உள்ளே இருப்பவரின் குறுக்குவெட்டு. எலி வளை வட்டமாக இருக்கும். ஓணானும் பல்லியும் தோண்டியது அடிப்பக்கம் தட்டையாக, மேலே வளைந்து, அரைநிலாபோல இருக்கும். முள்வால் பல்லியின் வளை இதே வடிவத்தில் பெரிதாக, எதிரில் தோண்டிப்போட்ட மண் விசிறிபோலப் பரந்து கிடக்கும். மணலில் வாழும் தேள்களின் வளை அகலமாகத் தட்டையாக, பிறைபோல வளைந்த பிளவு. விளிம்பில் மெல்லிய பட்டு இழை ஒட்டியிருந்தால் சிலந்தி.

வாயின் குறுக்கே சிலந்தி நூலாம்படை கட்டியிருந்தால், சருகு அடைத்திருந்தால் ஆள் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஈரநிறத்தோடு புதுமணல் கொட்டிக்கிடந்தால் ஆள் இருக்கிறது. ஒரு விதிவிலக்கு உண்டு: பாலை எலிகள் சில பகலில் உள்ளிருந்தே வாயை மணலால் அடைத்துவிடும். மூடியிருக்கிறது என்பதால் காலி என்று முடிவுகட்டாதீர்கள்.

குச்சியை உள்ளே விட்டுப் பார்ப்பது, தண்ணீர் ஊற்றுவது, தோண்டுவது எதுவும் வேண்டாம். உள்ளே விரியன் இருக்கலாம் என்பது ஒரு காரணம். வெளியே கொதிக்கும்போது அந்த ஒரே குளிர்ந்த இடத்தை இடித்துவிட்டால் அந்த உயிருக்குப் போக்கிடம் கிடையாது என்பது இன்னொரு காரணம். வளைக்கு மேலே மிதிப்பதும் இடிப்பதுதான். சுரங்கம் பல இடங்களில் தரைக்குச் சற்றுக் கீழேதான் ஓடும்; வாயிலிருந்து பின்பக்கமாக இரண்டு மூன்று அடிவரை கால் வைக்காதீர்கள்.

5. கடிகாரத்தை விட்டு மணலின் சூட்டைப் பாருங்கள்

கோடை நண்பகலில் மணலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அரை மீட்டர் ஆழத்திலோ பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால்தான் பாலையின் பெரும்பாலான சிற்றுயிர்கள் பகலைக் கீழே கழிக்கின்றன. நீங்கள் ஒன்பதரைக்குப் போனால் கடை மூடிய பிறகு போன கதை.

பகலில் நடமாடும் ஓணான் வகைக்கு ஒரு வரிசை உண்டு. வெயில் மேலே பட்டதும் வெளியே வரும். உடலைத் தட்டையாக்கிக்கொண்டு வெயில் காயும். இந்த நேரத்தில் பலவற்றின் நிறம் கறுத்திருக்கும், அசைவு மந்தமாக இருக்கும். படத்துக்கு மிக நல்ல நேரம் இதுதான், சில நாள் அரைமணி நேரம் கூட நீடிக்காது. சூடு ஏறியதும் நிறம் வெளுக்கும், இரை தேட ஓடத் தொடங்கும். இன்னும் சூடானால் கால்விரல்களையும் வாலையும் மணலிலிருந்து தூக்கிக்கொள்ளும், கால்களை நிமிர்த்தி உடலை உயர்த்தும். அதற்கு அடுத்த கட்டம் புதர் நிழல், அதற்கும் அடுத்தது வளை. கால்விரலைத் தூக்கத் தொடங்கிவிட்டால் காலைப்பொழுது முடியப்போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். வெயில் சாய்ந்தபின் மறுபடி ஒரு சிறிய ஆட்டம் உண்டு.

குளிர்காலத்தில் இதெல்லாம் தலைகீழ். ஓணானுக்கு நண்பகல்தான் ஏற்ற நேரம். சில இனங்கள் வெளியே வரவே வராது. கோடையின் பழக்கத்தில் விடியற்காலை போய் விறைத்துக்கொண்டு நிற்காதீர்கள். குளிரும் வெயிலும் மாறும் இடைப்பட்ட மாதங்கள்தான் எல்லாவகையிலும் வசதி.

மழை பெய்த மறுநாள் வேறு வேலை இருந்தாலும் ஒத்திவைத்துவிட்டுப் போங்கள். ஈசல் பறக்கும், அதைத் தின்ன எல்லாரும் வெளியே இருப்பார்கள். சிவப்புப் பட்டுபோன்ற தம்பலப்பூச்சி வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான் மேலே தெரியும். மழை நாட்களில் காய்ந்த ஓடைப் படுகையில் மட்டும் நிற்கவேண்டாம்; எங்கோ தொலைவில் பெய்த மழை அங்கே வெள்ளமாக வரும்.

இரவுக்கு நிலவைப் பாருங்கள். முழுநிலவில் எலிகளும் பல தேள்களும் பொதுவாகத் திறந்தவெளியைத் தவிர்க்கும்; ஆந்தைக்குத் தெரியும் அல்லவா. அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, வெதுவெதுப்பான இரவே மேல்.

6. நெருங்குவது

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உட்காருங்கள். வந்த இடத்திலேயே பத்துப் பதினைந்து நிமிடம் அசையாமல் இருங்கள். நீங்கள் நடந்துவந்த அதிர்வில் உள்ளே போனவை ஒவ்வொன்றாக வெளியே வரும். எழுந்து தேடியதைவிட உட்கார்ந்து பார்த்ததில்தான் எனக்கு அதிகம் கிடைத்திருக்கிறது. இருநோக்கி (பைனாகுலர்) இருந்தால் அதைத் தலைகீழாகப் பிடித்து, கண்வைக்கும் பக்கத்தைப் பூச்சிக்கு மிக அருகே கொண்டுபோனால் நல்ல பூதக்கண்ணாடி ஆகும், அதுவரை பொழுது போகும்.

ஓணானைப் பார்த்துவிட்டீர்கள். உடனே அதன் வளை எங்கே என்று தேடுங்கள். அதற்கும் வளைக்கும் நடுவில் ஒருபோதும் போகாதீர்கள். போகும் வழி திறந்திருக்கிறது என்ற நம்பிக்கை இருக்கும்வரைதான் அது உங்களைப் பொறுத்துக்கொள்ளும். வழி அடைபட்டால் தலைதெறிக்க ஓடும், அந்தக் காலை அதோடு முடிந்தது.

நேராக அதை நோக்கி நடக்கவேண்டாம். இரை பிடிக்க வருபவைதான் நேராக வரும். அதைக் கடந்துபோவதுபோலச் சாய்வாக நாலு எட்டு, நில்லுங்கள். மறுபக்கம் சாய்வாக நாலு எட்டு, நில்லுங்கள். கண்ணோடு கண் பார்க்காமல் பக்கத்து மணலைப் பாருங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழுந்துவிட்டால் எல்லாம் வீண். சூரியன் எந்தப் பக்கம் என்று எப்போதும் நினைவில் வையுங்கள். கிட்டே போகப் போக உயரத்தைக் குறையுங்கள். முதலில் குனிந்து, பிறகு மண்டியிட்டு, கடைசிச் சில அடி பாயை முன்னால் தள்ளிக்கொண்டு படுத்தபடியே. மெதுவான கையசைவுகூடத் தெரியும் அதற்கு. அதனால் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் வேலையைத் தூரத்திலேயே முடித்துவிட்டு, அதைப் பிடித்தபடியே நகருங்கள்.

அது தலையை விறைப்பாகத் தூக்கிப் பார்த்தால், தின்பதை நிறுத்தினால், உடலை மணலோடு ஒட்டிப் பதுக்கினால் நிறுத்துங்கள். மறுபடி இயல்பாகும்வரை அசையாதீர்கள். ஆகவில்லை என்றால் பின்வாங்குங்கள். முன்னங்கால்களை ஊன்றி உடலை ஏற்றி இறக்குவது பெரும்பாலும் "இது என் இடம்" என்ற அறிவிப்பு. சில சமயம் அதைப் பார்க்க இன்னொரு ஓணானும் அருகில் இருக்கும், சுற்றிலும் தேடுங்கள். தேரைத்தலை ஓணான்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அவை பயந்தால் உடலை நடுக்கியே சில நொடிகளில் மணலுக்குள் அமிழ்ந்துவிடும். அமிழ்ந்த இடத்தைக் கிளறாமல் காத்திருந்தால் கண் மட்டும் முதலில் வெளியே வரும். அந்தப் படத்துக்கு நான் நாற்பது நிமிடம் வெயிலில் கிடந்திருக்கிறேன். வருத்தமில்லை.

துரத்துவது கூடவே கூடாது. கொதிக்கும் மணலில் நிழலுக்குப் போகவிடாமல் அங்குமிங்கும் ஓடவிட்டால் சிறிய ஓணான் ஒன்று சூடேறிச் செத்தே போகலாம். இருவராகப் போய் ஆளுக்கொரு பக்கம் மறிக்கும் வேலையும் இதில்தான் சேரும். பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்து மந்தமாக்கிப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். விறைத்துப்போன உயிரின் கண்ணும் நிற்கும் விதமும் தெரிந்தவர் கண்ணுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். கல்லைப் புரட்டுவதையும் நான் விட்டுவிட்டேன். எவ்வளவு கவனமாகத் திரும்ப வைத்தாலும் அடியில் இருந்த ஈரமும் இடுக்கும் பழையபடி அமைவதில்லை.

7. இப்போது கேமரா

கைபேசியே போதும் என்று சிலவற்றுக்குச் சொல்லலாம்: வண்டு, குழியானைக் குழி, தடம், வளை. இவை ஓடாது. மேக்ரோ லென்ஸ் வாங்குவதானால் 90 அல்லது 100 மில்லிமீட்டரைச் சுற்றி வாங்குங்கள். 50, 60 மில்லிமீட்டர் லென்ஸில் கிட்டப்போகும்போது முன்முனை பூச்சியின் தலையில் இடிக்கும், நிழலும் விழும். ஓணானுக்கு 300, 400 மில்லிமீட்டர்வரை போகும் ஜூம் வேண்டும். வாங்கும்போது எவ்வளவு அருகில் ஃபோகஸ் ஆகும் என்ற எண்ணைப் பாருங்கள், பலர் பார்ப்பதில்லை.

வெளிர்மணல் கேமராவை ஏமாற்றும். பிரகாசம் அதிகம் என்று நினைத்து அது படத்தை இருட்டாக்கிவிடும், மணல் சாம்பல் நிறத்தில் வரும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1வரை ஏற்றி, ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது சுவரில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேமரா பதப்படுத்தாமல் வைக்கும் ரா கோப்பாக எடுத்தால் கருவண்டின் கறுப்பிலிருந்தும் கொஞ்சம் விவரத்தை மீட்கலாம்.

ஓணானுக்கு ஷட்டர் வேகம் 1/800 நொடிக்குக் குறையவேண்டாம். வெயில் நேரத்தில் அது கஷ்டமில்லை. அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) எஃப்/8 அருகில் வையுங்கள். மிகக் கிட்டத்தில் எடுக்கும் பூச்சிக்கு எஃப்/11வரை போகலாம். எஃப்/22 வைத்தால் எல்லாம் கூர்மையாகிவிடும் என்பது பொதுவான தவறு, அங்கே சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுக்கவே மந்தமாகும். அதற்குப் பதில் கேமராவை உயிரின் உடல்வாட்டத்துக்கு இணையாகப் பிடியுங்கள். அதே எஃப் எண்ணில் தலைமுதல் வால்வரை கூடுதலாக ஃபோகஸில் வரும். முழு உடலும் வராது என்றால் கண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மேலிருந்து எடுத்த படம் அடையாளம் காண உதவும், அவ்வளவுதான். கேமராவை மணலோடு ஒட்டிவைத்து, திரையைத் திருப்பிப் பாருங்கள். பின்னணி தூரப்போய் மங்கும், ஓணானின் கண்மட்டத்தில் நீங்கள் இருப்பீர்கள். கேமராவுக்கு அடியில் அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பை வைத்தால் ஆடாது, மணலும் ஏறாது. சத்தமில்லாத ஷட்டர் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். வளையிலிருந்து பாதி உடலை வெளியே நீட்டிப் பார்க்கும் முள்வால் பல்லி ஒரே ஒரு 'கிளிக்'கில் உள்ளே போய்விடும். மறுபடி வர அதற்கு அவசரம் கிடையாது.

காலை ஏற ஏற, தூரத்திலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் மங்கலாக வரும். லென்ஸைக் குறைசொல்லித் திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். காரணம் சூடான மணலிலிருந்து எழும் காற்றின் அலைவு. எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. இடைவெளியைக் குறையுங்கள், அல்லது அடுத்தநாள் சீக்கிரம் வாருங்கள்.

கிட்டப்படம் மட்டுமே எடுத்துக்கொண்டு வராமல், அந்த உயிர் சின்னதாகவும் புதரும் மணலும் பெரிதாகவும் தெரியும்படி ஒரு படமாவது எடுங்கள். பல மாதம் கழித்து அதுதான் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

மணலில் லென்ஸை மாற்றாதீர்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஒரு பைக்குள் வைத்து, கேமராவின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாற்றுங்கள். லென்ஸில் மணல் ஒட்டினால் துணியால் துடைக்காதீர்கள், முதலில் காற்றுப்பந்தால் ஊதிவிடுங்கள். துடைத்தால் அது உப்புத்தாள்தான்.

8. இரவு நடை

பகலில் பலமுறை நடந்து பழகிய அதே துண்டுநிலத்தில் மட்டும், கூட ஒருவரோடு போங்கள். டார்ச்சை இடுப்பளவில் பிடிக்காமல் கண்ணுக்கு அருகில் பிடியுங்கள். அப்போதுதான் கண்ணிலிருந்து திரும்பும் ஒளி உங்களுக்கு வரும். மணலில் பனித்துளிபோல நீலப்பச்சையாக மின்னினால் கிட்டேபோய்ப் பாருங்கள், ஓநாய்ச் சிலந்தி நின்றுகொண்டிருக்கும். பல்லிகளின் கண்ணும் இதேபோலப் பிடிபடும்.

தேளுக்குப் புறஊதா டார்ச் வேண்டும். தேளின் மேலோடு அந்த ஒளியில் பச்சையும் நீலமுமாக ஒளிரும். சட்டை உரித்த புதிதில் மட்டும், ஓடு இறுகும்வரை ஒளிராது. 395 நானோமீட்டர் டார்ச் மலிவு, ஆனால் ஊதா வெளிச்சமும் சேர்ந்து கொட்டும். 365 நானோமீட்டர் டார்ச்சில் தேள் தனியாகத் தெரியும். இரண்டையும் யார் கண்ணிலும் அடிக்கக்கூடாது; புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. இன்னொன்று: விரியன் தேள்போல ஒளிராது. புறஊதா ஒளியை மட்டும் நம்பி நடக்காமல், நெற்றி டார்ச்சின் வெள்ளை ஒளியில் காலடியைப் பார்த்தே எட்டு வையுங்கள்.

ஒளிரும் தேளைப் படம் எடுக்க டிரைபாட் தேவை. வெள்ளை டார்ச்சில் ஃபோகஸ் செய்து, அதை மேனுவலுக்கு மாற்றிப் பூட்டி, வெள்ளை ஒளியை அணையுங்கள். எஃப்/8, ஐஎஸ்ஓ 400, இரண்டு நொடியிலிருந்து எட்டு நொடிவரை மாற்றிப் பாருங்கள். தேள் பெரும்பாலும் அசையாமல் நிற்கும் என்பதால் இது சாத்தியம். புறஊதா ஒளியைத் தேள்கள் விலகிப்போக முயல்கின்றன, அதனால் நாலைந்து படத்தோடு விட்டுவிடுங்கள். டிரைபாடின் காலுக்கு அருகே முழங்காலை ஊன்றும் முன் மறுபடியும் தரையைப் பாருங்கள், ஒரு தேள் இருக்கும் இடத்தில் இன்னொன்றும் இருக்கலாம்.

எலி, ஜெர்போவா, முள்ளெலி இவற்றுக்கு மங்கிய சிவப்பு ஒளி போதும், அது அவற்றை அவ்வளவாக உறுத்தாது. ஃபிளாஷ் போட்டால் முன்னால் டிஃப்யூசர் (ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் திரை) வையுங்கள். வெற்று ஃபிளாஷில் வண்டின் முதுகில் ஒரு வெள்ளைப் புள்ளியும் கறுப்புப் பின்னணியும்தான் மிஞ்சும். குட்டிகளோடு இருப்பவற்றின் மேல் ஃபிளாஷ் அடிக்காதீர்கள்.

9. திரும்பியபின்

முதலில் நோட்டு, பிறகுதான் படம். தேதி, நேரம், வெப்பம், காற்று, நிலவு, எந்தப் புதர், என்ன செய்துகொண்டிருந்தது. ஒன்றும் பார்க்காத நாளையும் "ஒன்றும் இல்லை" என்று எழுதுங்கள். எந்தச் சூட்டில், எந்தக் காற்றில் எதுவும் வெளியே வருவதில்லை என்பதை அந்த வரிகள்தான் பிற்பாடு சொல்லும்.

இனம் தெரியாதவற்றை ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். தலை, பக்கவாட்டு, மேல்தோற்றம் மூன்றும் இருந்தால் அவர்களுக்கு வேலை சுலபம். ஏற்றும்போது இடத்தை மறைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். மற்ற இடங்களில் பகிரும் படக்கோப்பிலிருந்தும் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். முள்வால் பல்லியை இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் பிடிப்பவர்கள் உண்டு. வளர்ப்பு வியாபாரத்துக்கு ஓணானும் ஆமையும் தேடுபவர்களும் உண்டு. உங்கள் படம் அவர்களுக்கு வரைபடமாகிவிடக்கூடாது.

கேமராவின் மூட்டுகளை ஊதிச் சுத்தம் செய்து, பையை வெளியே உதறுங்கள். காலணியை வாசலில் விட்டால் அடுத்தமுறை போடும் முன் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள். எனக்கு ஒருமுறை உள்ளேயிருந்து ஒரு சிறிய தேள் விழுந்தது. வளை தேடி அவ்வளவு தூரம் நடந்துவிட்டு வந்த மறுநாள் அது.